நான்கெல்லைக்கு உட்பட்டது

சேரன்மகாதேவி சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிர்ச்சாரி,
ஜெராக்ஸ் கடைக்கும் வெற்றிலைக் கடைக்கும் நடுவில்
மேசை அகலத்துக்கு என் பத்திர எழுத்துக் கடை.
கம்ப்யூட்டருக்கு வயசு பதினொன்று.
விண்டோஸ் கண் திறப்பதற்குள் டீ ஆறிவிடும்.
துரத்தவும் முடியாது:
பத்திர மாதிரிகள் எல்லாம்
அதற்கு மட்டும் தெரிந்த பழைய எழுத்துருவில்.
வேறெங்கு திறந்தாலும் ‘மேற்படி’ என்ற சொல்
பூச்சி பூச்சியாய் நெளியும்.

லினக்ஸ் என் ஆசைக்கு.
புலப்படம் வரைகிற மென்பொருள் அதில்
காசில்லாமல் கிடைக்கிறது, ஓடவும் செய்கிறது.

ராத்திரி ஒன்பதுக்கு ஷட்டரைப் பாதி இறக்கி உட்கார்ந்தேன்.
ஐநூறு ஜிபி என்று விற்ற வட்டு
அளந்தால் நானூற்று அறுபத்தைந்து.
பத்திரத்தில் இருக்கிற நிலமும் அப்படித்தான்.
சுருங்கு என்றால்
முந்நூற்று இருபத்தைந்துக்குக் கீழே வரமாட்டேன் என்கிறது,
நட்டநடுவே நகர்த்த முடியாத ஒரு கோப்பு.
சிரித்துவிட்டேன்.
பக்கத்திலேயே கிடக்கிறது காலையில் பதிய வேண்டிய
பாகப்பிரிவினை: பிறவிப்பெருமாள், தம்பி கோமதிநாயகம்,
வீரவநல்லூர் பக்கம் ஒன்றே முக்கால் ஏக்கர் நஞ்சை,
நட்டநடுவே சுடலைமாடன் பீடம்.
அளவுச் சங்கிலி அதைச் சுற்றித்தான் போனதாம்.

கிழமேல் இவ்வளவு, தென்வடல் இவ்வளவு என்று
வட்டுக்குச் சொல்ல முடியாது.
ஆரம்பம், முடிவு. இரண்டே எல்லை அதற்கு.
லினக்ஸுக்குத் தொண்ணூறு.
மிச்சம் ஐம்பது, இருவருக்கும் பாத்தியப்பட்டது.
பெயர் கேட்டது, ‘கிணறு’ என்று வைத்தேன்.
பென்டிரைவில் எடுத்த நகல்களை
மூன்று தரம் எண்ணிப் பார்த்துவிட்டு
சரி என்பதை அழுத்தினேன்.

மூன்று மணி வாக்கில் கறுப்புத் திரையில்
இரண்டு பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்று.
பத்து விநாடி பொறுக்கும்.
யாரும் தொடாவிட்டால்
மேலே இருப்பவன் எழுந்து உட்கார்ந்துகொள்வான்.

லினக்ஸில் கொஞ்ச நேரம் கோடு வரைந்தேன்.
பிறகு விண்டோஸுக்கு வந்து
பத்திரத்தை அச்செடுத்தேன்.
பால் வண்டி போகிற சத்தம்.

பத்து மணிக்கு அண்ணன் விரல் வைத்துப் படித்தார்.
“ஏம்மா, இதுல நேத்தைய தேதில்லா போட்ருக்கு.”

மதர்போர்டில் புளியங்கொட்டை அளவில் ஒரு பேட்டரி
சுமப்பது ஒரே ஒரு மணியைத்தான்.
லினக்ஸ் அதை லண்டன் நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டது.
விண்டோஸ் அதை ஊர் நேரம் என்று நம்பிவிட்டது.
ஐந்தரை மணி வித்தியாசம்.
நான் அச்செடுத்தது நாலு ஐம்பதுக்கு.
அதற்கு அப்போது
முந்தின நாள் ராத்திரி பதினொன்று இருபது.

“கிடக்கட்டும்ணே, ஒரு நாள்தானே” என்றான் தம்பி.
“திருத்துங்கம்மா” என்றார் அவர்.
“நேத்து ராத்திரி நாங்க பிரியல.”

அடித்து எழுதினேன்.
ஓரத்தில் இரண்டு சுருக்கொப்பம்.
எழுத்துக்கூலியை ஆளுக்குப் பாதியாகக் கொடுத்து
ரசீதும் தனித்தனியே கேட்டார்கள்.

கடிகாரத்தைச் சரிசெய்ய ஒற்றை வரிக் கட்டளை போதும்,
சாயங்காலம் அடிக்கணும்.

வந்தது ஒரே டிவிஎஸ்ஸில்.
போனதும் அதில்தான், தம்பி ஓட்ட, அண்ணன் பின்னால்.
அந்த வண்டியைத் தபசிலில் சேர்க்க
இருவருமே சொல்லவில்லை.