மாதிரிக் கையொப்பம்

காசிமேட்டில் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
சங்கத்து மாடியறை.
வகுப்பு மூன்று மணிக்கு.
ராத்திரி இரண்டுக்கு ஏலத்துக்கு எழுந்தவர்களுக்கு
அதுதான் ஓய்ந்த நேரம்.
மருந்துக்கடை பில் மெஷின் இன்னும் காதில் கிறீச்சிட
நான் படியேறுவேன்.

ஞானசௌந்தரி வந்தது பிப்ரவரியில்.
ரேஷன் கடை மெஷின்
அவள் விரலைத் தெரியாது என்றுவிட்டது.
இருபத்தாறு வருஷத்து ஐஸும் செதிலும்
ரேகையைத் தின்றிருந்தன.
"படிச்சவனும் இப்ப கட்டவெரலத்தான் நீட்டறான் டீச்சரு.
எனக்கு அதுவும் இல்ல.
பேரயாச்சும் எழுதக் குடு."

பேரா அது!
ட, ப என்று நேர்கோட்டில் தொடங்கலாம் என்றிருந்தேன்.
யார் வைத்தார்களோ,
எழுத்துகளில் முடிச்சு விழுந்ததாகப் பொறுக்கியெடுத்து.
ஞ-வைப் பார்த்து
"எறா சுருண்டாப்ல கெடக்குது" என்றாள்.
சௌ-வைப் பார்த்து வெகுநேரம் பேசவில்லை.
பிறகு,
"ஒரே எழுத்துக்கு முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தனா?
இன்னா, கமிஷனரா அவரு?"
லோடு கஜபதி சிரித்த சிரிப்பில்
சிலேட்டு இரண்டாகிவிட்டது.

கணக்கு நான் சொல்லித்தரவில்லை.
பதினேழு கிலோ சங்கரா,
ஐஸுக்குக் கழித்து, கூலிக்குக் கழித்து,
போனில் நான் கால்குலேட்டரைத் தேடுவதற்குள்
சில்லறையே கைமாறியிருக்கும்.
எழுதும்போது மட்டும்
அவளுடைய ஐந்து
முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்.

மார்ச்சில் வங்கிக் கணக்கு.
மை டப்பாவை நகர்த்தினார்கள்.
"வோணாம்" என்றாள்.
வஞ்சிரம் அறுக்கிற பிடியில் பேனாவைப் பிடித்து
பன்னிரண்டு நிமிஷம்.
வரிசை முணுமுணுத்தது.
ஞா கட்டத்துக்கு வெளியே போய் விழுந்தது.
ரி பாதியில் மூச்சு வாங்கியது.
சௌ-வுக்குப் பின்னால் நிற்க வேண்டியவன்
வரவேயில்லை.
ஞானசெந்தரி என்றுதான் இருந்தது,
ஏற்றுக்கொண்டார்கள்.
அன்று மாலை எல்லாருக்கும்
அவள் செலவில் பொரித்த நெத்திலி.

தடைக்காலம்.
விசைப்படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்க
அவள் எழுதினாள்.
சீட்டு நோட்டின் பின்பக்கம்,
நேற்றைய காலண்டர் தாள்,
தெர்மோகோல் பெட்டி மூடி.
எண்ணூர் நெடுஞ்சாலையில் நின்ற டேங்கர் லாரியை
எழுத்து கூட்டிப் படித்தாள்:
எ-ளி-தில் தீப்-பற்-றும்.
"இது பக்கத்துல சாஞ்சிக்கினுதான்
எங்க ஆளு பீடி புடிப்பாரு" என்று
அங்கேயே நின்றுவிட்டாள்.

ஜூனில் நிவாரணப் பணம் ஏறியது.
எடுக்கப் போனாள்.
சீட்டு திரும்பி வந்தது.
"கையெழுத்து ஒத்துப்போகலம்மா."
கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்கள்.
திரையில் மார்ச்,
சீட்டில் ஜூன்.
"அதுவும் நாந்தான் சார், இதுவும் நாந்தான்."
"பழைய மாதிரியே போடுங்க.
புது மாதிரி குடுத்தா பதினஞ்சு நாள் ஆகும்."
மகளுக்கு ஐ.டி.ஐ. பணம் கட்ட
நாளைதான் கடைசி.

அன்றைக்கு மூன்று மணிக்கு
கோணலை எழுதக் கற்றுக்கொடுத்தேன்.
ஞா-வை வெளியே தள்ளுங்க.
பின்னால நிக்கிறவரை அனுப்பிடுங்க.
நடுங்குங்க, இன்னும் கொஞ்சம்.
பதினோரு தடவை.
ஒவ்வொரு தடவையும் கை
தானாகவே நிமிர்ந்துகொண்டது.
"வர மாட்டுதே டீச்சரு."
"என் கையக் கடன் வாங்கிக்க," என்றார் கஜபதி,
"என்னுது இன்னும் மார்ச்சுலதான் கீது."

மறுநாள் கவுண்டரில்
கண்ணை மூடிக்கொண்டு போட்டாள்.
மேலும் கீழும் பார்த்து
முத்திரை குத்தினார்கள்.
உதடு அசையாமல் ஒருமுறை எண்ணி
மடியில் செருகினாள்.
நகரவில்லை.

"அந்தப் புது ஃபாரத்தையும் குடு சார்."

சங்கிலி போட்ட பேனா எட்டவில்லை.
என் பேனாவை வாங்கிக்கொண்டாள்.
எறா சுருண்டது,
முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்
காவலுக்கு நின்றார்கள்.
மை காய ஊதி, நீட்டி,

"பதினஞ்சு நாளுன்னு சொல்ற.
அதுக்குள்ள இதுவும் மாறிப்பூடும்.
இப்பவே சொல்லிக்கிறேன்."