பாதசாரி

கர்லிங் அரங்கின் மாடியில்,
பனித்தரையில் கல் வழுக்கும் ஓசைக்கு நேர் மேலே,
இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டால்
அதுதான் கந்தகக் குழி.
எண்கோணம். எட்டு வாசல், அதில் ஆறு பொய்.
சுவரெல்லாம் கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டை.
நடுவில் எண்ணெய்க் கோபுரம்:
பிடி உடைந்த காபிக் குவளை, தலைகீழாக.
வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பத்தெட்டு.
மெதுவாகப் போங்கள் என்கிறது
சஸ்காச்சுவான் வானொலி.

நாள் முழுக்க மெதுவாகப் போகிறவர்கள்தான் நாங்கள்.
தாராஸ், பள்ளத்தில் விழுந்த லாரிகளை இழுப்பவன்.
டெல்ஃபின், ஆம்புலன்ஸ்.
நான் பனி வாரும் வண்டி; மணிக்கு முப்பது,
பின்னால் திட்டிக்கொண்டே ஓர் ஊர்வலம்.
நடுவர் லோர்ன் டிக், காப்பீட்டு மதிப்பீட்டாளர்.
மோதல் முடிந்ததும் பொம்மைக் காரைக் கையிலெடுத்து,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
"இடது கதவு, முன் அச்சு. முழுச் சேதம்" என்பார்.
அவரை எதிர்த்து முறையீடு கிடையாது.
கிடையாது என்று அவரேதான் எழுதி வைத்திருக்கிறார்.

சனிக்கிழமை, ஆறாம் சுற்று.
என் கூரையில் இரட்டைப் பீரங்கி,
சுற்றுக்குப் பத்துக் கட்டம் பாய்ச்சல்.
தாராஸின் ஊதா வண்டி கோபுரத்தை உரசித் திரும்பியது.
வேண்டியது ஒன்பது. விழுந்தது இரண்டு ஆறு.
நான் போட்ட கூச்சலில்
கீழே யாரோ கல்லைத் தவறவிட்டார்கள்.
லோர்ன் பஞ்சைப் பிய்த்து வண்டிமேல் வைத்தார்: தீ.

தாராஸ் விதிப்புத்தகத்தைப் புரட்டினான்.
நாற்பத்தோராம் பக்கம், யாரும் போகாத பக்கம்.
ஓட்டுநர் இறங்கலாம்.
பாதசாரி: சுற்றுக்கு ஒரு கட்டம்.
ஆயுதம் இல்லை. கவசம் இல்லை.
காய்க்கு எங்கே போவது?
சூப் பொட்டலத்திலிருந்து காய்ந்த பட்டாணி ஒன்றை எடுத்து
பஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தான்.
வடக்கு வாசலுக்குப் பதினோரு கட்டம்.

ஒன்று.
டெல்ஃபின் தன் முறையில் சுடவில்லை.
இரண்டு.
பட்டாணி என் நேர்கோட்டில்.
பகடைகூட வேண்டாம், சக்கரம் ஏற்றினால் போதும்.
"ஏத்து," என்றான் தாராஸ். "பட்டாணிதானே."
விரலை மட்டும் அதிலிருந்து எடுக்கவில்லை.

டிசம்பரில், நெடுஞ்சாலை நான்கில்,
கவிழ்ந்த காரிலிருந்து இறங்கி நடந்தான் ஒருவன்.
அவன் காலடித் தடத்தை முதலில் பார்த்தது நான்.
அவனை, டெல்ஃபின்.
வண்டியை, தாராஸ்.
லோர்ன், படிவத்தில்.
இந்த மேசையில் அதைப் பேசியதில்லை.

கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு போனேன்.
மூன்று. நான்கு.
களத்துக்கும் ஒரு முறை உண்டு: தரையடி வாள்கள்.
அதை லோர்ன் உருட்டுவார், முகம் மாறாமல்.
ஆறில் ஒரு கட்டம் தள்ளிப் போயிற்று.
எட்டில் மூச்சு விட மறந்தோம்.
பத்தில் லோர்ன் உருட்டிய பகடை,
எண் காட்டும் முன்னரே, பட்டாணியை இடித்தது.
சுவரின் இடுக்கில் புகுந்து, மேசை விளிம்பில் ஒரு கணம் யோசித்து,
விழுந்து, உருண்டு,
வெப்பக் குழாய்க்கு அடியில் போயிற்று.

டெல்ஃபின் ஏற்கெனவே தரையில்.
கன்னம் பலகையோடு, கையில் கைபேசி விளக்கு.
"தெரியறான்," என்றாள்.

வெட்டா, பழமா?
லோர்ன் கண்ணாடியை இறக்கினார்.
நாற்பத்தோராம் பக்க ஓரத்தில் ஏதோ எழுதினார்.
வாசித்துக் காட்டவில்லை.

"சூடு இருக்கு," என்றாள் கீழேயிருந்து.

தாராஸ் பகடையை என் பக்கம் தள்ளினான்.
என் முறை.
பீரங்கியில் இன்னும் நான்கு குண்டு.