புறப்படும்போது சொன்ன கணக்கு

சாயப்பட்டறையில் இருபத்திரண்டு வருஷம்.
அன்று கழிவறையில் பார்த்தது
எந்த டப்பாவிலும் இல்லாத சிவப்பு.

முதலில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.
பள்ளிப்பட்டில் ஏறி, சித்தூர் தாண்டி, வேலூர்.
குழாய் உள்ளே போகையில்
மின்விசிறியின் இறக்கைகளை எண்ணுவேன்.
மூன்றுதான். எப்போதும் மூன்றுதான்.

"பத்தில் ஐந்து பேர் பிழைப்பார்கள்" என்றார் டாக்டர்.
யசோதா அதைத் தன் அண்ணனுக்குத் தெலுங்கில் சொல்லும்போது
ஆறாக்கிவிட்டாள்.

இரண்டாம் வருஷம் மறுபடி முளைத்தது. சுரண்டினார்கள்.
பக்கத்துக் கட்டில் நகரி குப்பையா
மாத்திரைக் கவரில் போன் நம்பர் எழுதித் தந்தார்.
அடுத்த முறை அவர் வரவில்லை.
நம்பரை நான் அழைக்கவில்லை.

இப்போது வருஷத்துக்கு ஒருமுறை.
"அந்த ஐந்து, புறப்படும்போது சொன்ன கணக்கு.
இவ்வளவு தூரம் வந்தவருக்கு ஒன்பது" என்கிறார்.
நல்ல எண்தான்.
குப்பையா போன்றவர்களைக் கழித்துவிட்டுத்தான்
அது ஒன்பது.

திரும்பும் பஸ்ஸில் எல்லை வந்தது.
போனுக்கு வரவேற்புச் செய்தி.
ஆந்திராவுக்கு ஒன்று, தமிழ்நாட்டுக்கு ஒன்று.
யசோதா கொய்யா வாங்கினாள்,
உப்புமிளகாய் தனியே கேட்டு.

ராத்திரி, விளக்கைப் போட்டு
குனிந்து பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றினேன்.
லேசான ரோஸ்.
குழாய் போன அன்று அப்படித்தான் இருக்கும்.