கருத்துக்கு நாலு கோடு

பகாவ் தபாலாபீஸ் கண்ணாடியில்
ஒட்டியிருந்தார்கள்:
விண்வெளி ஆய்வைச் சிறப்பிக்க
மூன்று நினைவு நாணயங்கள் அடிக்க யோசனை,
பொதுமக்கள் கருத்து வெள்ளிக்குள் வேண்டும்.
படிவத்தில் கருத்துக்கு நாலு கோடு.
நான் பின்பக்கத்திலும் எழுதுகிறேன்.

பெயர்: குமுதவல்லி, த/பெ சின்னராசு.
தொழில்: காசு போட்டால் துவைக்கும் கடையில்
காசு எடுப்பவள்.
இரவு வேலை.

முதல் படம் ராக்கெட்.
நன்றாக நிற்கிறது.
எங்கள் செம்பனை ஆலையின் புகைபோக்கியும்
அப்படித்தான் நிற்கிறது,
ஒருநாளும் கிளம்பியதில்லை.
அடியில் நெருப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இரண்டாவதில் கவசத் தொப்பி.
உள்ளே யாரென்று தெரியவில்லை,
கண்ணாடியில் வெளிச்சம் மட்டும்.
அதை மாற்றாதீர்கள்.
இரவு ஒரு மணிக்கு
நாலாம் எண் இயந்திரத்தின் வட்டக் கதவில்
ஜஹாங்கீரின் முகமும் இப்படித்தான் இருக்கும்.
பழக்குலை வெட்டிய சட்டை சுற்றி முடிய
முப்பத்திரண்டு நிமிடம்.
அவன் அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பான்.
ஊரில் மகள் பிறந்து பதினோரு மாதம்.
இன்னும் தூக்கவில்லை.

மூன்றாவது, வெள்ளிக் கோள்.
வெள்ளியில் வார்த்த வெள்ளி.
அதன்மேல் பத்து வெள்ளி என்று பொறிப்பு.
விலையோ இருநூற்று நாற்பது வெள்ளி.
ஐயா, ஒரே சொல்லுக்குள்
எத்தனை தடவைதான் நான் கையை விட்டுத் துழாவுவது?

வெல்வெட் பெட்டியில் வைத்துத் தருவீர்களாம்.
விரல் படக்கூடாதாம், ரேகை விழுமாம்.
மீன்கடையில் மாறாது,
என் இயந்திரத்திலும் விழாது.
அதற்கு எங்களிடம் ஏற்கெனவே ஒரு பேர் உண்டு:
செல்லாக்காசு.
அவ்வளவு தூரம் சென்றவர்களுக்குச்
செல்லாத காசா?

கவுண்டருக்குக் கீழே ஒரு மைலோ டின் வைத்திருக்கிறேன்.
இயந்திரம் துப்பியதெல்லாம் அதில்.
டாக்கா, ரூபியா, நேப்பாளத்து ஒற்றை ரூபாய்,
அரசமரத்தடியில் கிடந்ததாகச் சொல்லி
ஒருவர் போட்டுப் பார்த்த தாய்லாந்து பாத்.
பித்தளை வாஷர் இரண்டு.
(அது யார் வேலை என்று தெரியும். இங்கே எழுதமாட்டேன்.)
ஆட்டினால் மழைபோலச் சத்தம் கேட்கும்.

ஆகவே என் கருத்து:
ஐம்பது காசின் பருமனில், அதே கனத்தில் அடியுங்கள்.
ராக்கெட் சோப்பு நுரையில் நனையட்டும்.
தொப்பிக்காரர் மீன்காரம்மா கையில்
செதிலோடு கொஞ்ச நேரம் இருக்கட்டும்.
தேயட்டும்.
தேய்ந்து தேய்ந்து முகம் போனபின்
யார் முகமாகவும் இருக்கலாம்.

இன்னொன்று.
போன வியாழன் விடியற்காலை ஐந்து மணிக்குக்
கரண்டு போனது.
ஏழு இயந்திரமும் நடுச்சுற்றில் நின்றன.
எல்லாரும் வெளியே வந்தோம்.
ஊரே இருட்டு. ஆலையும் இருட்டு.
புகைபோக்கிக்கு ஒரு சாண் மேலே
அவ்வளவு பெரிதாக, கண் கூசுகிற மாதிரி.
நான் கைநீட்டி, “வெள்ளி” என்றேன்.
ஜஹாங்கீர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே
கேட்டான்: “எத்தனை?”

எனக்குப் பதில் வரவில்லை.
யாரோ சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.
பிறகு அவன் வெகுநேரம்
மேலேயே பார்த்துக்கொண்டு நின்றான்,
கை இன்னும் பைக்குள்ளேயே.

பெரட்டுக்கு லாரி வந்துவிட்டது.
துணியைப் பிழியாமல் அப்படியே
பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு ஏறினார்கள்.
ரோடெல்லாம் சொட்டிக்கொண்டு போனது.
ஏழு பேருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தேன்,
நோட்டில் செலவு என்று எழுதிவைத்தேன்.
ஆறாம் படிவத்தில் இலக்கியம் எடுத்துத் தோற்றவள் நான்.
ஆனாலும் செலவு என்றால்
பழைய தமிழில் பயணம் என்பது
மறக்கவில்லை.

நாலாம் எண்ணின் கதவு
அன்றிலிருந்து சரியாக மூடுவதில்லை.
அது உங்கள் இலாகா இல்லை.