கடைசியாக எங்கே விழுந்தீர்கள்

தண்டையார்பேட்டையில் இரவு இரண்டரை.
கல்கரியில் நேற்றைய மதியம் இரண்டு.
ஹெட்போனுக்குள் ஒரு பெண் பனிக்கு அவசரப்படுகிறாள்.
என் மேசைவிசிறி யோசித்து யோசித்துச் சுற்றுகிறது.
ஜன்னல் வழியே மணலிப் பக்கத்துக் காற்று.

இங்கே நான் பிரிஸ்கில்லா.
அங்கே பிரிஸ்.
அதற்குமேல் அவர்களுக்கு நேரமில்லை.

மூன்று குளிர்காலமாக ஸ்கீ விற்கிறேன்.
தொட்டதில்லை.
ஐஸ் தொட்டிருக்கிறேன்,
காசிமேட்டில் மீன்பெட்டிக்கு அடித்து உடைக்கிற பாளம்.
அதன்மேல் சறுக்க யாரும் ஆசைப்பட்டதில்லை,
சறுக்கியவர்கள் பெட்டியோடு போனார்கள்.

ஆனால் அளவு தெரியும்.
நிமிர்த்தி வைத்தால்
புதிதாய்ப் பழகுகிறவளுக்குத் தாடை வரை,
வேகம் பிடித்தவளுக்குப் புருவம், அதற்கும் மேலே.
சீவிவிட்ட சரிவென்றால் இடுப்பு ஒல்லி,
எண்பது மில்லிமீட்டர் போதும்.
முழங்கால் புதையும் புதுப்பனிக்கு நூறாவது வேண்டும்,
இல்லாவிட்டால் எண்ணூர்ச் சேற்றில் இறக்கிய சைக்கிள் கதைதான்.
(பலகையின் இடுப்பைச் சொல்கிறேன்.
உங்கள் இடுப்பை யாரும் கேட்கவில்லை, மேடம்.)

பூ வரைந்தால் பெண்கள் பலகை ஆகிவிடாது.
ஆண்கள் அச்சில் பத்து சென்டிமீட்டர் நறுக்கி
ரோஸ் பூசி
விலையை மட்டும் நறுக்காமல் அனுப்புகிறவர்கள் உண்டு.
வளைத்துப் பாருங்கள் என்பேன்,
உங்கள் எடைக்கு வளைகிறதா.
பூட்ஸ் மாட்டும் இடம் ஒரு விரல் முன்னால் வந்திருக்கிறதா.
மற்றதெல்லாம் பெயின்ட்.

'உங்கள் திறமை எந்த மட்டம்?'
கொடுத்த தாளில் முதல் கேள்வி அது. நான் கேட்பதில்லை.
ஒரே ஒரு சீசன் போனவள் எக்ஸ்பர்ட் என்பாள்.
இருபது வருஷம் போனவள் ஏதோ கொஞ்சம் என்பாள்.
புருஷன் ஸ்பீக்கரில் இருந்தால் அவனே சொல்லிவிடுவான்.
நான் கேட்பது:
கடைசியாக எங்கே விழுந்தீர்கள்?

விழுந்த இடத்தை யாரும் மாற்றிச் சொன்னதில்லை.

மோரின், ஐம்பத்து நான்கு, சொன்னாள்:
மரங்களுக்கு நடுவே. போன மார்ச்.
காலை நிழல், இறுகிய பனி, இடது முழங்கால்.
பலகை தம்பியுடையது, நூற்று எழுபத்தாறு.
நான் ஐந்தடி இரண்டு.
சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்தேன்.

நூற்று ஐம்பது, என்றேன்.
இடுப்பு எண்பத்து நான்கு. முனை கொஞ்சம் தூக்கியிருக்கும்.
வளைந்து கொடுக்கும், ஆனால் விளிம்பு பிடிக்கும்.
மரங்களை அடுத்த வருஷம் பார்ப்போம்.

கார்டு எண்ணைச் சொல்லி முடித்தவள்
வைக்காமல் கேட்டாள்:
நீ? கடைசியாக?

எல்லா அழைப்பும் பதிவாகும்.
ஆனாலும் சொன்னேன்.

எண்ணூர் நெடுஞ்சாலை. செவ்வாய்க்கிழமை.
வலது பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை,
இடது பக்கம் மண், மண்மேல் தண்ணி,
தண்ணிக்கடியில் என்ன இருக்கிறதென்று
மாநகராட்சிக்கே தெரியாது.
வண்டி அண்ணன் ஓட்டிப் பார்த்து வாங்கிக் கொடுத்தது.
சிக்னலில் நின்றால்
கட்டைவிரல் மட்டும்தான் எனக்குத் தரையில்.

அவள் சிரிக்கவில்லை.
உயரம் என்ன, என்றாள்.
சொன்னேன்.
பிரிஸ், அந்த வண்டியை எனக்கு விற்பாயா நீ?

பத்து மணிக்கு, தூங்காமல்,
வைத்தியநாதன் பாலத்துக்குக் கீழே சீட் கடை.
"ரெண்டு இன்ச் எறக்கணும்."
"குத்தும் மேடம். அண்ணன் ஓட்டினா காலு மடங்கிக்கும்."
"அண்ணன் ஓட்டல."

ஷெரீப் பாய் ரெக்சினை உரித்தார்.
ஸ்பாஞ்சைச் சக்கரத்தில் தேய்க்கத் தேய்க்க
வெளிர்மஞ்சள் துகள் கிளம்பி
என் புருவத்தில், துப்பட்டாவில், செருப்பில்,
பக்கத்துக் கடை டீயில்.
டீக்காரர் கத்தினார்.
நான் தட்டிவிடாமல் நின்றேன்
கொஞ்ச நேரம்.