தண்ணி மாறுதல்

ஆறு எப்பிடி இருந்தது எண்டு கேட்கிறான் குகதாசன்.
முழங்கால் வரைக்கும் செம்மண், தோளில் மண்வெட்டி.
ஊரெழுவில் ஆறு இல்லை.
கிணறு இருக்கிறது. கிணற்றுக்கும் அடியில்
ஏதோ ஓடுகிறதென்று சொல்வார்கள், கண்டவர் இல்லை.
ஐம்பத்தாறு வயதுத் தம்பிக்கு
ஓடுகிற தண்ணீரை எங்கே தொடங்கிச் சொல்ல?

லியோனில் ஏறினோம், என்றேன். ஏழு இரவு.
நான் வேலையால் நின்றதற்கு
நிலானி எடுத்துத் தந்த சீட்டு.
இரு கரையும் முந்திரிகைத் தோட்டம்,
சரிவெல்லாம் சீப்பு இழுத்த தலைபோல வரிவரியாய்.
"பந்தல் இல்லையோ?"
இல்லையடா, இடுப்பளவுக் கொடி. குனிந்துதான் பிடுங்க வேணும்.
"அப்ப நாரி போயிடும்" என்றான்,
பிரான்சு முழுவதற்கும் ஒரு கணம் இரங்கி.

நாரியைப் பற்றி எனக்குத் தெரியும்.
இருபத்திரண்டு வருடம் விடுதிக் கட்டில்கள்,
நாளுக்குப் பதினாறு அறை.
அவனுக்கு நான் சொல்லாதது:
கப்பலில் முதல்நாள், விடிய நாலரைக்கு எழும்பி
என் கட்டிலை நானே விரித்தேன்,
நாலு மூலையும் மடித்து, தலையணையை அறைந்து நிமிர்த்தி,
குளியலறைக் குழாயை முகம் தெரிய மினுக்கி.
ஒன்பது மணிக்குக் கதவு தட்டிய ருமேனியாப் பெட்டை
கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
எந்த விடுதி என்று கேட்டாள்.
மகள் மேல்தட்டில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.
நான் பேரைச் சொன்னேன்.
துவாய்களை வைத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி,
கட்டில் ஓரத்தில் ஐந்து நிமிடம் இருந்தாள்.
அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், ஐந்து நிமிடம்.
ஆறு யன்னலில் போனது.

"வைன் குடிச்சனியோ?"
வாயில் வைத்துவிட்டுத் துப்பச் சொன்னார்கள்,
அதற்கென்று ஒரு வெள்ளி வாளி.
காசு குடுத்ததைத் துப்புறதோ என்று விழுங்கிவிட்டேன்.
புளிச்ச கள்ளில் ஆணி ஊறின மாதிரி.
கொடி கஷ்டப்பட்டால்தான் ரசம் திறமாம்,
தோட்டக்காரன் சொன்னான்.
குகதாசன் கனநேரம் சிரித்தான்.
"பூஞ்சணத்துக்கு அடிக்கிற மருந்தின்ரை விலையை
அந்த மனிசனுக்குச் சொன்னனியோ?"

பிறகு அந்தக் கதவுகள்.
ஆறு படியிறங்கும் இடங்களில்
கப்பலை ஒரு சீமெந்துப் பெட்டிக்குள் விட்டு
பின்கதவை மூடி, தண்ணியை வடித்து,
முன்கதவைத் திறப்பார்கள்.
அரைப்பனை உயரம் இறங்குவோம்,
மேசையில் கோப்பை ஆடாது.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கையால் காட்டினேன்.

அவன் பேசவில்லை.
நிறைந்த பாத்தியின் வாயை ஒரு வெட்டு மண்ணால் அடைத்தான்.
அடுத்ததைத் திறந்தான்.
"இதுதானே?"
இதுதான்.

காய்ந்த முந்திரிகையிலை ஒன்று,
மேலே ஓர் எறும்பு,
வாய்க்காலில் வந்துகொண்டிருந்தது.
குந்தியிருந்து பார்த்தோம்.
முதலாம் பாத்தி, இரண்டாம் பாத்தி,
மண்வெட்டி நுனியால் அவன் வழிவிட்டுக் கொடுத்தான்,
தொப்பி போட்ட கப்டன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.
மூன்றாவதில் கரண்ட் நின்றது.
மோட்டர் முக்கி ஓய்ந்தது.
இருந்த தண்ணியை மண் குடித்தது.
இலை தரைதட்டிச் சாய்ந்தது.
எறும்பு விளிம்புக்கு வந்து, மீசையால் சேற்றைத் தொட்டுப் பார்த்தது.

கரண்ட் எப்ப வரும்?
"ஆருக்குத் தெரியும்."

நான் சப்பாத்தைக் கழற்றினேன்.