சீனி இல்லாத தேத்தண்ணி

புதுக்கடைச் சந்தில், தட்டச்சு மேசையில்
என் புருஷன் ஒரு பந்தியாகிறார்:
"மேற்படி காப்புறுதிதாரர், காலஞ்சென்றவர்."

ஏழாம் கேள்வி. நீரிழிவு உண்டா?
"இல்லை"க்கு நேரே ஒரு சரி.
அந்தச் சரி அவர் போட்டதல்ல.
ஆறு பக்கமும் ஆங்கிலம்;
பென்சில் புள்ளடி காட்டிய இடங்களில்
கையொப்பம் வைத்தார், அவ்வளவுதான்.

"முகவருக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சி?"
சட்டத்தரணி மிஃப்லால்
கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறார்.

கொட்டாஞ்சேனை வீட்டில் அன்று
கோப்பைகள் மாறிப்போயின.
ஒரு மிடறு குடித்து முகம் சுளித்தான் டிலக்‌ஷன்:
"இது அண்ணனுடையதோ? சீனியே இல்லையே!"
சிரித்தோம், மூன்று பேரும்.
பிறகுதான் பேனையைத் திறந்தான்.

இதையெல்லாம் வழக்கில் எழுதுவார்களா?

தட்டச்சு நின்றது.
புதுத்தாள் செருகியபடி அந்த மனிசன் கேட்டார்:
"அவன் சொன்ன சொல்லையே
சொல்லுங்கோ அக்கா.
ஆறுதலா."